முதுகில் வெயில் படவேண்டிய கிழங்கு

பிள்ளைகளே, உங்கள் அம்மா நட்ட ஐரிஸ் பூச்செடி பற்றி அப்பா எழுதி வைக்கிறேன். எனக்குப் பெரிதாக எழுத வராது. ஆனால் சின்னவளுக்கு எல்லாம் நினைவிருக்காது, அதனால்தான்.

சுவிஸில், ஷாஃப்ஹவுசன் நகரில் நாங்கள் வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டில் அதுவரை நான் போட்ட வெங்காயமும் மிளகாயும்தான். ஒரு கோடை முடிவில் அம்மா கடையில் ஒரு கிழங்கு வாங்கி வந்தார். உறையில் இருந்த படத்தில் பூ வெளிறிய ஊதாவாய், ஓரமெல்லாம் சுருக்குச் சுருக்காய் இருந்தது.

"மூத்தவளின்ர முதல்நன்மைச் சட்டை மாதிரிக் கிடக்கு, பாருங்கோ" என்றார். மூத்தவள் கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கிய நாளில் போட்ட சுருக்குச் சட்டையைச் சொன்னார்.

மே மாதத்தில் பூக்குமாம். மே, மாதாவின் மாதம் அல்லவா? வீட்டு மாதா சுரூபத்துக்குக் கடைப்பூ வைக்காமல் எங்கள் தோட்டத்துப் பூவை வைக்கவேண்டும். அதுதான் அவருடைய ஆசை.

கிழங்கு பார்க்க இஞ்சி மாதிரியே இருந்தது. பால்கனித் தொட்டியில் இஞ்சி வைத்துப் பழகிய அம்மா, இதையும் ஆழமாகப் புதைத்து, இரண்டு கையாலும் மண்ணை அமத்தினார்.

"இவ்வளவு ஆழமோ?" என்று கேட்டேன்.

"வெங்காயக்காரர் கதைக்காமல் தண்ணியைக் கொண்டு வாங்கோ."

அப்போதே அவருக்குள் நோய் இருந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அம்மா எங்களை விட்டுப் போய்விட்டார்.

மே வந்தது. இலைதான் வந்தது. அடுத்த மேயும் அப்படியே. பக்கத்துத் துண்டில் ரோசா வளர்க்கும் சுவிஸ்காரப் பெண்மணி எட்டிப் பார்த்தார். இந்தக் கிழங்கு மண்ணுக்கு மேலே முதுகைக் காட்டி வெயில் காயவேண்டும், இப்படிப் புதைத்தால் பூக்காது, அழுகிவிடும் என்று ஜெர்மன் மொழியில் சொன்னார்.

எனக்கு விளங்கியது. ஆனாலும் கிண்ட மனம் வரவில்லை. அது அம்மாவின் கை அமத்திய மண். சுற்றிவரப் புல் மட்டும் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

கோடையில் மூத்தவள் மண்வெட்டியோடு வந்தாள். சின்னவள் செடிக்கு முன்னால் போய்க் குந்திவிட்டாள்.

"கிண்டாதேங்கோ! அம்மா நட்டவா!"

"அம்மா பூவுக்குத்தானேடி நட்டவா. இலையையோ மாதாவுக்கு வைக்கிறது?"

சின்னவள் அழுதாள். மண்வெட்டியை வாங்கி நான்தான் தோண்டினேன். அம்மா வைத்த கிழங்கு கூழாகி நாறியது. அதன் பக்கத்தில் விரல் அளவில் ஒரு குட்டிக் கிழங்கு மட்டும் உயிரோடு இருந்தது. அதை முதுகு வெளியே தெரிய வைத்தோம். சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஓரத்து மண்ணை மட்டும் கையால் அமத்தினாள்.

மறுவருடமும் இலைதான். இந்த மேயில் பூத்தது. படத்தில் இருந்ததைவிட வெளிறல், சுருக்கும் கூட. வெட்டிக் கொண்டுவந்து சுரூபத்துக்கு முன்னால் வைத்தோம். சின்னவள் கிட்டப் போய் மணந்து பார்த்தாள். நல்ல வாசம்.

"அப்பா, அம்மாக்கு இந்த மணம் தெரியுமோ?"

"இல்லையம்மா" என்றேன். அவர் பார்த்தது உறையில் இருந்த படத்தை மட்டும்தான்.