மொன்செராத்தேக்குத் தனித்தனியாக

ஒடிலியா எங்கள் கட்டடத்தின் பத்தாவது மாடியில் காப்பி கொடுப்பவள். பதினெட்டு வருஷமாக அதே வேலை. யாருக்குச் சர்க்கரை வேண்டும், யாருக்கு வேண்டாம், யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஐம்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை. நான் அதே மாடியைக் கூட்டித் துடைப்பவள். பெயர் பெர்த்தா. வாய் கொஞ்சம் நீளம். அவள் கதையை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

வாசல் காவலுக்கு எலியேசர் வந்து ஆறு வருஷம் ஆகிறது. கடற்கரைப் பக்கம், சியேனகா ஊர்க்காரன். மனைவியை இழந்தவன். எங்கள் தலைநகரமான பொகோதாவின் குளிரைத் திட்டாமல் அவனால் நான்கு வார்த்தை பேச முடியாது. கடற்கரைக்காரர்களுக்கு எல்லோரும் ‘நீ’தான், மேலாளரையே ஒருநாள் அப்படிக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். தலைநகரத்துக்காரர்களான நாங்கள் பெற்ற பிள்ளையைக்கூட ‘நீங்க’ என்போம். ஆனால் அவன் ‘நீ’ என்றால் மட்டும் ஒடிலியாவின் முகம் சிவக்கும். அவன் கோப்பையில் ஒரு கரண்டி சர்க்கரை கூடுதலாக விழும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் அவளிடம் விஷயத்துக்கு வந்தான்.

“ஆறு வருஷமா இந்த வாசலையும் பஸ்ஸையும் தவிர ஒண்ணும் பார்க்கல. ஞாயித்துக்கிழமை ஊரைச் சுத்திக் காட்டு. எங்க ஊர்ல அக்கா வீட்டுக்காரரு மீன் கிடங்குல எனக்கு வேலை வச்சிருக்காரு. வர்றேனா இல்லையான்னு திங்கக்கிழமை சொல்லணும். அதுக்கு முன்னால உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த மலை உச்சியில வச்சுக் கேக்கணும்னு ஆசை.”

என்ன கேட்பான் என்று புரியாமலிருக்க அவள் குழந்தையா? ஆனால் மலை என்றதும் காப்பித் தட்டை வைத்துவிட்டு நேரே என்னிடம் ஓடி வந்தாள்.

மொன்செராத்தே மலை எங்கள் ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் கிழக்கே வெள்ளைக் கோயிலோடு தெரியும். புருஷன் பெண்டாட்டி போகலாம், வேண்டுதல்காரர்கள் முட்டி போட்டு ஏறலாம். காதலர்கள் மட்டும் சேர்ந்து ஏறக் கூடாது. ஏறினால் கல்யாணம் நடக்காது. இது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். ஒடிலியாவும் தெரிந்தேதான் இருபத்து நான்கு வயதில் ஃபாபியோ என்பவனோடு சிரித்துக்கொண்டு ஏறினாள். மூன்றாம் மாதம் அவன் வேலை தேடி வெனிசுவேலா போனான். அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான்.

“என்ன பண்றது, பெர்த்தா?”

“எங்க வேணா கூட்டிட்டுப் போங்க. மேல மட்டும் வேண்டாம். காரணத்தையும் சொல்லாதீங்க. அவர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே நீங்க கல்யாணத்துக்கு அலையிற மாதிரி ஆயிடும்.”

இதைச் சொன்ன நான் கல்யாணத்துக்கு அப்புறம்தான், முறைப்படி, மெழுகுவத்தி ஏற்றி அந்த மலை ஏறினேன். ஆனாலும் என் புருஷன் ஓடிப்போனான். அப்படிப்பட்டவள் புத்தி சொல்ல, அவளும் கேட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். ஞாயிறுதோறும் பெரிய சாலைகளில் கார்களை விடமாட்டார்கள் என்பதால் சைக்கிளும் நாயும் குழந்தைகளுமாக ஊரே நடுத்தெருவில் இருந்தது. முதலில் ஒரு பழைய கடையில் காலை உணவு. சூடான சாக்லேட்டுக்குள் அவள் பாலாடைக்கட்டியைப் பிய்த்துப் போட்டதைப் பார்த்து எலியேசர் அலறினான்.

“உங்க ஊர்ல எல்லாருக்கும் கிறுக்கா?”

“உருகட்டும். குடிச்சிட்டு அப்புறம் பேசுங்க.”

அவன் இரண்டாவது கோப்பையும் கேட்டான். சதுக்கத்தில் புறாக்களுக்குச் சோளம் போட்டார்கள். ஒன்று அவன் தொப்பியில் உட்கார்ந்து தன் வேலையைக் காட்டிவிட்டுப் போனது. அவள் சிரித்த சிரிப்பில் மிச்சமிருந்த புறாக்களும் பறந்தன. திங்கட்கிழமை என்னிடம் சொல்லும்போதும் அப்படியே சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அப்படி அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

ஆனால் எங்கே போனாலும் அவன் தலையை நிமிர்த்தி மலையைப் பார்த்தான். இப்போ போலாமா என்றான். முதலில் சந்தை என்றாள். சந்தை முடிந்ததும் மழை வரும் என்றாள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. அப்புறம் முட்டி வலி. ரோப் காரில் போகலாமே என்றால், தலை சுற்றுமாம். கடைசியில் ஒரு பழைய மாளிகைத் தோட்டத்தைக் காட்டக் கூட்டிப்போனாள். அது மலையடிவாரத்திலேயே இருக்கிறது என்பது பயத்தில் மறந்துவிட்டது. வெளியே வந்தால் எதிரே ரோப் கார் நிலையம்.

“சொல்லு. இப்ப என்ன வலிக்குது?” என்றான் எலியேசர்.

“இன்னொரு நாள் போலாமே.”

“லிஃப்ட் ஓடாத அன்னிக்குக் காப்பித் தட்டோட பத்து மாடி ஏறினவ நீ. உனக்கு முட்டி வலியா? என்கூட மேல நிக்கிறதை யாராவது பார்த்துடுவாங்கன்னு வெக்கம். வாசல்காரன்தானே நான்?”

“ஐயோ, அப்படியில்ல.”

“அப்ப எப்படி?”

என் பொன்னான புத்திமதி அவளுக்கு ஞாபகம் வந்து தொலைத்தது. திங்கட்கிழமை இந்த இடத்தைச் சொல்லும்போது என்னை ஒரு முறை முறைத்தாள். அன்று என் காப்பியில் சர்க்கரை இல்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

“சரி, நான் தனியாவே போறேன். பார்த்துட்டு அப்படியே ஊருக்குக் கிளம்பறேன்” என்று அவன் மலைப்படிகள் ஏறும் நடைபாதைப் பக்கம் போய்விட்டான். கோபக்காரன் வரிசையில் நிற்பானா?

ஒடிலியா ஒரு சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். என்னையும் ஃபாபியோவையும் அந்த மலையையும் சேர்த்துத் திட்டினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவன் வளைவில் திரும்புவது தெரிந்தது. தனியாகத்தான் ஏறினான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: சேர்ந்து ஏறினால்தானே தோஷம்? அவன் பாட்டுக்கு அவன் போகிறான். நான் பாட்டுக்கு நான் போனால் யார் கேட்க முடியும்? எழுந்து ரோப் கார் வரிசையில் நின்றாள். ஐம்பது நிமிஷம் நின்றாள்.

“எத்தனை பேர்?” என்றாள் சீட்டுக் கொடுக்கும் பெண்.

“ஒருத்திதான். தனியாத்தான் போறேன். நல்லா எழுதிக்கோங்க.”

மேலே போக ஐந்து நிமிஷம்தான். படிகள் முடியும் இடத்தில், கையில் சூடான வெல்லத் தண்ணீரோடு உட்கார்ந்தாள். அவன் வரும் வழியில் மயங்கி விழுந்திருப்பானோ, பாதியில் திரும்பியிருப்பானோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தாள். கடைசியில் தொப்பியைக் கையில் பிடித்தபடி, முகம் கத்தரிக்காய் நிறத்தில், வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு எலியேசர் வந்து சேர்ந்தான்.

“நீ... நீ எப்படி...”

“முதல்ல மூச்சு விடுங்க. இதைக் குடிங்க. ஐயா யாரு? நான் தனியா வந்தவ. உங்களை முன்னப்பின்ன பார்த்ததில்ல.”

அவன் விழித்தான். அப்புறம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஃபாபியோ, முப்பது வருஷம், என் புத்திமதி வரைக்கும். அவன் இருமும்வரை சிரித்தான்.

“இதைக் கீழயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே! ஆயிரத்தைந்நூறு படி, ஒடிலியா!”

“சொல்லியிருந்தா நீங்க சிரிச்சுக்கிட்டே என் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பீங்க. எனக்குப் பயம். உங்களையும் இழக்க என்னால ஆகாது.”

அவன் சிரிப்பு நின்றது. தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டு நான்கு அடி பின்னால் போய், திரும்பி வந்தான்.

“வணக்கம்மா. என் பேரு எலியேசர். கடற்கரைப் பக்கம். உங்க பக்கத்துல உக்காரலாமா?”

உட்கார்ந்தார்கள். கீழே ஊர் முழுவதும் கிடந்தது. அவன் வெகுநேரம் எங்கள் கட்டடத்தைத் தேடினான், கிடைக்கவில்லை. அப்புறம் கேட்க வந்ததைக் கேட்டான். அவன் முடிப்பதற்கு முன்பே அவள் சரி என்றாள்.

கிளம்பும்போதுதான் அவனுக்குத் திடீரென்று பயம் பிடித்தது.

“இறங்கறப்போ? நான் வேணா மறுபடி நடந்து...”

“இறங்கறதைப் பத்தி இந்த ஊர்ல யாரும் ஒண்ணும் சொன்னதில்ல” என்று ஒடிலியா அவன் கையைப் பிடித்துக்கொண்டு சீட்டு வாங்கும் இடத்துக்குப் போனாள்.

“எத்தனை பேர்?” என்றான் அங்கிருந்தவன்.

“ரெண்டு பேர். சேர்ந்துதான் போறோம். நல்லா எழுதிக்கோங்க.”