ஓவசியர் வளவு அல்சேசன்

என் எழுத்தில் பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், மறதியும் கூடிவிட்டது.

எண்பதுகளில், இனப்பிரச்சினைக்குப் பயந்து, பக்கத்து வளவில் குடியிருந்த ரோட்டு வேலை ஓவசியர் ஊரைவிட்டுப் போனார். அவருடைய அல்சேசன் நாய் வளவுக்குள் பட்டினி கிடந்தது.

"ஓநாய்ச் சாதி, புள்ளைகளக் குதறிப்போடும்" என்று ஆண்கள் பொல்லுகளோடு வந்தார்கள். ஆண்களுக்கு முன்னால் வாய் திறக்காத நான் அன்று வேலியோரம் போய் நின்று சொன்னேன்:

"அடிக்காதீங்க, அது கடிக்காது."

"எப்பிடித் தெரியும் ராத்தா? தொட்டுப் பாத்தீங்களோ?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"ஓம், தொட்டன். சோறு வெச்சன், கைய நக்கிச்சு. நாயெச்சில் பட்டா கழுவணும் எண்டு மண்ணும் போட்டு ஏழு தரம் கழுவிட்டுத்தான் தொழுதன்."

சிரிப்பு நின்றது. "யாரையும் கடிச்சா நீங்கதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அது சாகும்வரை, எந்தப் பிள்ளை அந்த வேலியோரம் போனாலும் எனக்கு உயிர் போய் வந்தது. ஒருவரையும் அது கடிக்கவில்லை. அந்தச் சாதியே சாதுவா, என் சோறுதான் சாதுவாக்கியதா? தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள்.