இரண்டு பில்டர்கள்

கடைக்காரர் இரண்டு காப்பி இயந்திரங்களைக் காட்டினார். ஒன்று ஜாடி நிறைய இறக்கும். மற்றதில் சிறு குப்பியைப் போட்டால் ஒருவருக்கு மட்டும் வரும். மாதிரிக்கு அவர் இறக்கிய டிகாஷன் மணத்தில் எங்கள் தச்சநல்லூர் வீட்டு அடுக்களை நினைவுக்கு வந்தது.

தொண்ணூறுகளில் அங்கே இரண்டு பித்தளை பில்டர்கள் இருந்தன. பெரியது அம்மாவுக்கும் எனக்கும், சின்னது அப்பாவுக்கு.

ஆழ்வார்குறிச்சியில் மாமா இறந்தபோது, பழைய சொத்துத் தகராறைச் சொல்லி அப்பா அம்மாவைப் போக விடவில்லை. அதன்பிறகும் அம்மா அவருக்குச் சோறு பொங்கினாள், துணி துவைத்தாள். காப்பி மட்டும் போடவில்லை. அப்பா தனக்கென்று சின்ன பில்டர் வாங்கிக்கொண்டார்.

ஒருமுறை காய்ச்சலில் கிடந்தவர், “ஏட்டி, ஒங்கையால ஒரு வாய் காப்பி தாயேன்” என்றார்.

“எங்கண்ணன் மொகத்த ஒருதடவ பாக்க விட்டியளா?” என்றாள் அம்மா.

அப்பா சுவரைப் பிடித்துப் பைய எழுந்து, தானே வெந்நீர் வைத்தார். கடைசிவரை அப்படியேதான் இருந்தார்கள்.

“ஜாடி உள்ளத எடுப்பமா?” என்று கடைக்கு என்னுடன் வந்திருந்த கணவரிடம் கேட்டேன்.

அவர் கைபேசியிலிருந்து நிமிரவில்லை. “ஒராளுக்குப் போடுறதே போதும். நாம எங்க சேந்து குடிக்கோம்?” என்றார்.

அதையே கட்டித் தரச் சொன்னேன்.