கண்ணாடியில் ஒரு கை

அந்தப் பழைய காரை லாசால் பகுதியில் ஒரு தமிழரிடம் வாங்கினேன். வெயில் காலத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. முதல் கடுங்குளிர் காலையில் நானும் மனைவியும் வேலைக்குக் கிளம்பியபோது, எங்கள் மூச்சுப் பட்டு முன்கண்ணாடியின் உட்புறம் மங்கியது. அந்த மங்கலில், அவளுடைய இருக்கைக்கு நேரே, விரல் விரித்த ஒரு கையின் அடையாளம் தெளிந்து வந்தது. துணியால் அழுத்தித் துடைத்தேன். மறுநாளும் வந்தது.

விற்றவருக்குப் போன் எடுத்து, “இதைச் சொல்லாமல் வித்துப்போட்டியளே?” என்று கத்தினேன்.

“நான் வாங்கேக்கையே இருந்தது, தம்பி. துடைச்சுக் களைச்சுப்போய் விட்டிட்டன்,” என்றார்.

மழை விழுந்தவுடனேயே தெருவில் ஐஸாக உறைந்த ஒரு காலை, பார்க் மெட்ரோ ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் கார் சறுக்கியது. பிரேக்கை மிதித்தும் நிற்காமல், ஐஸ் உருகத் தெருவில் உப்புப் போடும் லொறியை நோக்கி வழுக்கிக்கொண்டே போனது. “ஐயோ, பிடியுங்கோ!” என்று மனைவி கையை நீட்டிக் கண்ணாடியில் ஊன்றினாள்.

லொறிக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம். அவளுடைய கை அந்த அடையாளத்தின் மேல், விரலுக்கு விரல் பொருந்தியிருந்தது.

மறுநாள் கண்ணாடி மங்கும்வரை இருவரும் காத்திருந்தோம். ஒரு கைதான் வந்தது. நான் துணியை எடுத்தேன்.

“துடையாதேங்கோ,” என்றாள். “அது என்ர கை.”