முயல் காதில் பூசாத மெழுகு

அப்பாவின் ஃபைபர் பட்டறை பாலாநகரில் இருந்தது. பூங்காக்களில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும் முயல் குப்பைத்தொட்டிகளை அங்கே செய்தார்கள். அந்த வருடம் அப்பா புது முயல் ஒன்றைக் களிமண்ணில் செய்து, இரண்டு மாதம் பாடுபட்டு அதன்மேல் மோல்டு, அதாவது அச்சு, எடுத்திருந்தார். மோல்டைக் கழற்றும்போதே களிமண் முயல் உதிர்ந்துபோயிற்று. இனி மோல்டு மட்டும்தான்.

மோல்டின் உட்புறம் முழுக்க மெழுகு பூசி, காயவிட்டு, துணியால் தேய்க்க வேண்டும். அப்படி ஏழு முறை. இல்லாவிட்டால் மேலே பூசுகிற ரெசின் என்கிற பிசின் மோல்டோடு ஒட்டிக்கொள்ளும். மெழுகு பூசுவது என் மாமாவின் வேலை. அம்மாவின் தம்பி. முயலின் காதுகள் ஆழமாக, ஒடுக்கமாக இருந்ததால் அவர் கை உள்ளே நுழையவில்லை. விடுமுறைக்குப் பட்டறையில் சுற்றிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார். எனக்குப் பதினொரு வயது. ராணிபோல உட்கார்ந்து ஆரம்பித்தேன். மூன்றாவது முறையோடு ராஜ்ஜியம் சலித்துவிட்டது.

"ஏழும் ஆச்சா?" என்று மாமா கேட்டார்.

"ஹவ் மாமா," என்று எங்கள் ஊர் உருதுவில் ஆமாம் போட்டேன்.

ரெசின் இறுகிய பிறகு மர ஆப்புகளைச் செருகித் தட்டினார்கள். இடுக்கில் தண்ணீர் ஊற்றினார்கள். உடம்பு கழன்று வந்தது, காதுகள் வரவில்லை. அப்பா இன்னும் ஓங்கித் தட்டினார். மோல்டு காதிலிருந்து கழுத்துவரை பிளந்தது.

அப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, ஆட்கள் எல்லார் முன்னாலும், "ஏழு வரைக்கும் எண்ணத் தெரியாதாடா உனக்கு? கைகூ? ஏன் இப்படிப் பண்ணினே?" என்று மாமாவைக் கேட்டார்.

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. "தப்புதான் அத்தான். காதை நான் சரியா பாக்கல," என்றார்.

வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். பெரியவர்தானே, திட்டு வாங்கினால் என்ன, சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. அப்பா ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் அதையே எடுத்தார். பத்தே நாளில் மாமா வேலையை விட்டுவிட்டு, போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டில் ஒரு மண்டியில் சேர்ந்தார். அம்மா அழுதாள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவார். அவர் குரல் கேட்டாலே நான் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். ஒருநாள் அம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்துவந்து அவர் முன்னால் நிறுத்தினாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நக்கோ அக்கா, வேணாம் விடு. படிக்கட்டும்," என்றார் மாமா.

அதற்கப்புறம் அவர் ஞாயிறுகளில் வரவில்லை. வாரநாட்களில், நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது வந்துபோனார். திரும்பி வந்தால் சமையலறையில் ஒரு பை வெண்டைக்காய் இருக்கும். மாமாவுக்கு அப்பாமேல் இன்னும் கோபம் தீரவில்லை, அதனால்தான் அப்பா பட்டறைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வருகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கதவைச் சாத்திக்கொள்ளும் சிரமத்தை அவர் எனக்கு மிச்சப்படுத்துகிறார் என்று அந்த வயதில் தெரியவில்லை.