கண்ணாடிக்கு வைத்த பொட்டு

என் வீட்டுக்காரர் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்த மனிதருக்கு, பெண்டாட்டி ஓட்டும் காரில் இடது பக்கம் உட்காருவதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. நான் பிரேக் போடுவதற்கு முன்னால் அவர் போட்டுவிடுவார். அவர் பக்கம் பிரேக்கே இல்லை என்பது அவருடைய வலது காலுக்கு மட்டும் இன்றுவரை புரியவில்லை. அவர் மிதித்து மிதித்து அந்தப் பக்கத்து ரப்பர் விரிப்பில் செருப்பு அளவுக்கு ஒரு பள்ளமே விழுந்திருக்கிறது.

அடுத்தவர் ஓட்டும் வண்டியில் அவர் கண் மூடி நான் பார்த்ததே இல்லை. ஒருமுறை திருப்பதிக்கு ராத்திரி பஸ்ஸில் போனோம். மொத்த பஸ்ஸும் குறட்டை விட, இவர் மட்டும் முன்சீட்டில் உட்கார்ந்து, ஊர் பேர் தெரியாத அந்த டிரைவருக்குத் துணையாக விடிய விடிய விழித்துக்கொண்டு வந்தார். கேட்டால், "அவன் கண்ணசந்துட்டான்னா இன்னா பண்றது?" என்றார்.

நான் மாமல்லபுரத்தில் கடலை ஒட்டிய ஒரு ஓட்டலில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். பெண்கள் அறையைச் சுத்தம் செய்து முடித்ததும் போய்ப் பார்த்து, விரிப்பில் சுருக்கம், குளியலறையில் முடி, கண்ணாடியில் கைரேகை என்று குறை கண்டுபிடிப்பது என் வேலை. குறை சொல்லச் சம்பளமும் தருகிறார்கள் என்றால் விடுவேனா? வாசலில் நின்றபடியே, உள்ளே கண்ணாடியில் ஒரு விரல் பட்டிருப்பதைச் சொல்லிவிடுவேன். இந்தப் பெருமையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது சந்தி சிரிக்கப்போகிறது.

நாற்பத்தைந்து வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வேலை முடிய மாலை ஏழு மணி ஆகும். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வீட்டுக்கு வர முக்கால் மணி நேரம். காலையில் எழுந்தது முதல் படுக்கப்போகும் வரை, என்னை யாரும் எதுவும் கேட்காத நேரம் அந்த முக்கால் மணிதான். பாட்டு வைப்பேன், கூடவே பாடுவேன், அன்று சண்டை போட்ட மேனேஜருக்குச் சொல்லாமல் விட்ட பதிலையெல்லாம் சத்தமாகச் சொல்லுவேன். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே கிடையாது.

ஆனால் வெளிச்சம் விடவில்லை. இப்போதெல்லாம் வருகிற வண்டிகளின் விளக்கு உங்களுக்குத் தெரியும். எதிரே வருகிறவன் நொடியில் கடந்து போய்விடுவான். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவன்தான் பேஜார். உள்ளே இருக்கும் கண்ணாடிக்கு அடியில் ஒரு சின்ன நெம்பு உண்டு, தள்ளிவிட்டால் வெளிச்சம் மங்கிவிடும். சைடு கண்ணாடிக்கு அப்படி எதுவும் இல்லை. ஹை பீம் அப்படியே வந்து கண்ணில் அறையும்.

ஒருநாள் திருக்கழுக்குன்றம் தாண்டி, தலையில் நாலு விளக்கு மாட்டிய ஒரு லாரி என் பின்னாலேயே வந்தது. வலது கண்ணாடி முழுக்க வெள்ளை. முகத்தைத் திருப்பிக்கொண்டே இடது பக்கம் ஒதுங்கினேன். ஒதுங்கிய இடத்தில் ஒரு இளநீர்க்கடைக்காரர் அன்று வெட்டிய மட்டைகளைக் குவித்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். அதன் மேல் ஏறிவிட்டேன். அந்தச் சத்தத்தில் என் உயிர் போய் வந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பம்பரில்தான் விரிசல் விட்டது.

மறுநாள் மாலை ஏழு மணிக்கு ஓட்டல் வாசலுக்கு வந்தேன். என் காருக்குப் பக்கத்தில் இவர் நிற்கிறார். செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார். கையை நீட்டினார். சாவியைக் கொடுத்துவிட்டு இடது பக்கம் ஏறினேன்.

அன்றிலிருந்து தினமும் அதே கதை. ஏழு மணிக்கு அவர் நிற்பார், கை நீட்டுவார். ஓட்டல் செக்யூரிட்டி முதல் தோட்டக்காரர் வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள். "இன்னாக்கா, அண்ணன் உங்க மேல இவ்ளோ பாசமா கீறாரு" என்று ரூம் சுத்தம் செய்யும் பெண்கள் சிரிப்பார்கள். பாசம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் என் முக்கால் மணி போச்சு. காரில் பாட்டும் போச்சு, அவருக்கு என்ஜின் சத்தம் கேட்க வேண்டும்.

வெளிச்சம் பட்டால் தானே மங்குகிற சைடு கண்ணாடி வந்திருக்கிறது என்று ஓட்டலில் தங்கிய ஒரு விருந்தாளி சொன்னார். வீட்டில் வந்து சொன்னேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் இவர். "கண்ணு கூசுதுன்னா வண்டிய வுட்டுடு மே. கண்ணாடி இன்னா பண்ணும்?"

"நீங்க முப்பது வருஷம் ஓட்டினப்ப இந்த மாதிரி லைட்டு இருந்துச்சா?"

"எந்த லைட்டா இருந்தா இன்னா? டிரைவருக்குக் கண்ணு கூசக்கூடாது."

நான் விடவில்லை. இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு ஒரு நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டார். கண்ணாடியை மாட்டிக்கொள்ளலாம். மாட்டிய பிறகு ஒருநாள் நான் ஓட்டவேண்டும், அவர் பக்கத்தில் உட்காருவார். ஒருதரம் நான் தடுமாறினாலும் சாவி அவருடையது, அப்புறம் இதைப் பற்றிப் பேச்சே கூடாது. சரி என்றேன்.

புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. கேளம்பாக்கத்தில் கார் உதிரி சாமான் விற்று மாட்டியும் தருகிற ஒரு பாய் இருக்கிறார். அவரிடம் போனேன். இரண்டு சைடு கண்ணாடியையும் உள்கண்ணாடியையும் கழற்றிப் புதிதாக மாட்டி, கதவுக்குள் ஒயர் இழுத்து முடிக்க அரைநாள் ஆனது. முடித்துவிட்டு உட்காரவைத்து விளக்கினார்.

"அக்கா, உள்ள கீற கண்ணாடிலதான் மூளை கீது. சைடு ரெண்டும் அது சொல்றதத்தான் கேக்கும். இதுக்கு ரெண்டு கண்ணு. முன்னாடி பாக்கற கண்ணு ராத்திரியா பகலான்னு பாத்துக்கும். பின்னாடி பாக்கற கண்ணு எவன் லைட்டு அடிக்கிறான்னு பாத்துக்கும். ரெண்டும் ஒத்துக்கிச்சின்னா மூணு கண்ணாடியும் மங்கிடும்."

முன்பக்கத்துக் கண்ணைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, பின்பக்கத்துக் கண்ணில் டார்ச் அடித்தார். கண்ணாடி மெல்ல மெல்ல நீலமாகக் கறுத்தது. நான் சின்னப்பிள்ளை மாதிரி இன்னொரு தரம் அடிக்கச் சொல்லிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பரீட்சை. காலையில் நான் டிபன் டப்பா கட்டிக்கொண்டிருந்தபோதே இவர் காருக்குப் பூஜை போட்டு முடித்துவிட்டார். கண்ணாடி வேண்டாம் என்று குதித்தவர்தான், ஆனால் வண்டியில் புதிதாக ஒன்று மாட்டினால் பூஜை போடாமல் எடுக்க அவரால் முடியாது. டிப்போவில் தினமும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுத்தான் பஸ்ஸை எடுப்பாராம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், பானெட்டுக்குப் பூ, ஸ்டியரிங்குக்குப் பொட்டு, கண்ணாடிகளுக்கும் பொட்டு. நான் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பழத்தை நசுக்கிக் கிளம்பினேன்.

மாலை ஏழு மணிக்கு நின்றிருந்தார். கை நீட்டவில்லை, நேராக இடது பக்கம் ஏறினார். எனக்கு உள்ளுக்குள் ஒரே துள்ளல். ஊரைத் தாண்டி இருட்டுக்குள் வந்ததும், யாராவது பின்னால் வாங்களேன் என்று நானே வேண்டிக்கொண்டேன். ஒரு வேன் வந்தது. ஹை பீம் போட்டான்.

கண்ணாடி மங்கவில்லை. வேன் நெருங்கியது, இன்னும் மங்கவில்லை. உள்கண்ணாடியில் பழைய நெம்பும் இல்லை, தள்ளிவிட. மூன்று கண்ணாடியிலிருந்தும் வெளிச்சம் கண்ணில் கொட்டியது. நான் வேகத்தைக் குறைத்தேன், வண்டி கொஞ்சம் அலைந்தது, பக்கத்தில் இவர் கால் ரப்பர் விரிப்பைத் தொம் தொம்மென்று மிதித்தது. ஓரமாக நிறுத்திவிட்டேன்.

ஒரு கிண்டல் செய்திருந்தால்கூடத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவரோ, "சரி, எறங்கு" என்று மட்டும் சொல்லிக் கை நீட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. துக்கத்தில் வந்தது பாதி, கோபத்தில் வந்தது பாதி.

அடுத்த புதன்கிழமை வரை கோபத்தைச் சேர்த்துவைத்துக்கொண்டு கேளம்பாக்கம் போனேன். பாய் நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கத்திய கத்தலில் பக்கத்து டீக்கடையில் டீ ஆற்றுகிறவர் கையை நிறுத்திவிட்டார். "டார்ச்சுக்கு மட்டும்தான் மங்குமா உங்க கண்ணாடி? ரோட்டுல நான் செத்திருந்தா?" என்றெல்லாம் கேட்டேன். அந்த மனிதர் கை கழுவிக்கொண்டு வந்து காருக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே திரும்பி என்னைப் பார்த்தார்.

"அக்கா, இந்தப் பொட்டு யாரு வெச்சது?"

உள்கண்ணாடியின் அடியில், நட்டநடுவில், பின்பக்கம் பார்க்கிற அந்தக் குட்டிக் கண்ணின் மேல், சந்தனம் காய்ந்து அதன் மேல் குங்குமம். அளவெடுத்து வைத்த மாதிரி. நான் ஐந்து நாளாகத் தினமும் முகத்துக்கு நேராகப் பார்த்த பொட்டு. வாசலில் நின்றே கைரேகை கண்டுபிடிக்கிறவள் நான்! ஆனால் ரேகை என்றால் அழுக்கு. பொட்டை யாராவது அழுக்கு என்று பார்ப்பார்களா?

பாய் நகத்தால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, முன்பக்கத்துக் கண்ணை மூடிக்கொண்டு டார்ச் அடித்தார். கண்ணாடி சமர்த்தாக நீலமானது. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வுடுக்கா. என் மச்சான் வண்டில பச்சைக் குஞ்சம் தொங்கவுட்டு, அது இதே கண்ண மறைச்சிகினு இருந்துச்சி. அவன் என்னை அடிக்கவே வந்துட்டான்" என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்து டீக்கடையில் இரண்டு டீ சொன்னதும் அவர்தான்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தேகம். வேண்டுமென்றே வைத்திருப்பாரோ? முப்பது வருடம் வண்டியோடு வாழ்ந்தவருக்கு அது ஏதோ ஒரு கண் என்றுகூடவா தெரியாது? நான் சாவியைக் கேட்கக்கூடாது என்று செய்தாரோ? வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போது அது சந்தேகமாக இல்லை, தீர்ப்பாகவே ஆகிவிட்டது.

காபி குடித்துக்கொண்டிருந்தவரைக் காருக்கு இழுத்து வந்து காட்டினேன். "இங்க ஏன் பொட்டு வெச்சீங்க?"

"கண்ணு மாதிரி இருந்துச்சி. அதான் வெச்சேன்."

"அத மூடினா கண்ணாடி மங்காது. அன்னைக்கி நான் தடுமாறினது அதனாலதான்."

அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். கையில் காபி ஆறிக்கொண்டிருந்தது.

"பஸ்ல தெனம் கண்ணாடிக்குத்தான் மே மொதல் பொட்டு வெப்பேன். ஒருத்தன் மேலயும் மோதினதில்ல" என்றார். பிறகு, "உனுக்கு ஒன்னும் ஆவக்கூடாதுன்னு வெச்சேன். உன் கண்ண நானே மூடிட்டு, உன்னையே எறக்கியும் வுட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். காபி டம்ளர் பானெட்டின் மேலேயே இருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்று ஒரு குத்து குத்தலாம் என்று வைத்திருந்தேன், வாயில் வரவில்லை. அவரைச் சந்தேகப்பட்டதற்கு என் மேலேயே எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை, நான் கிளம்பும் நேரத்தில் சந்தனக்கிண்ணத்தோடு காருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். உள்கண்ணாடியின் மேல் விளிம்பு பிளாஸ்டிக்கில் விரலை வைத்தபடி, "இங்க வெச்சா மறைக்காதில்ல?" என்று கேட்டார். வண்டி விஷயத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. மறைக்காது என்றேன். வைத்தார்.

அன்று மாலை நான் ஓட்டினேன். திருக்கழுக்குன்றம் வருவதற்கு முன்னாலேயே ஒரு பஸ் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டு ஹை பீம் அடித்தது. மூன்று கண்ணாடியும் மெல்லக் கறுத்தன. அந்தப் பெரிய வெளிச்சம் மங்கலாக இரண்டு புள்ளியாகிவிட்டது. இவர் சைடு கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"எனுக்கும் கூசும்" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"பத்து வருஷம் இருக்கும். ரிட்டையர் ஆவற வரைக்கும் சமாளிச்சிகினு ஓட்டினேன். அறுபது பேர ஏத்திகினு போறவன் எவன்கிட்ட சொல்றது?"

இந்த ஒரு மாதமாக இருட்டில் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டி வந்தபோதும் கூசியிருக்கும். எனக்குத் திட்டவும் தோன்றியது, கையைப் பிடித்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்ததால் ஒன்றும் செய்யவில்லை. பாட்டை மட்டும் மெதுவாக வைத்தேன். அவர் நிறுத்தச் சொல்லவில்லை.

திருக்கழுக்குன்றம் தாண்டி, அந்த இளநீர்க்கடையும் தாண்டிய பிறகுதான் கவனித்தேன். தொம் தொம் சத்தம் இல்லை. ஒரு மாடு குறுக்கே வந்து நான் நன்றாகவே பிரேக் போட்டேன், அப்போதும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. வலது கால் ரப்பர் விரிப்பின் பள்ளத்தில் அசையாமல் கிடந்தது.

செங்கல்பட்டு வந்ததும் எழுப்ப மனம் வரவில்லை. வீட்டுத் தெருவுக்குத் திரும்பாமல் ஏரிக்கரைப் பக்கம் ஒரு சுற்று விட்டுவிட்டு வந்தேன்.

வாசலில் என்ஜினை அணைத்ததும் திடுக்கிட்டு விழித்தார். இரண்டு கையும் காற்றில் ஸ்டியரிங்கைத் தேடின.

"தூங்கிட்டனா?"

"இல்ல. சும்மா கண்ண மூடிக்கினு இருந்தீங்க."

என்னைப் பார்த்தார், சைடு கண்ணாடியைப் பார்த்தார், கதவைத் திறந்து இறங்கி வீட்டுக்குள் போய்விட்டார். பழக்கதோஷத்தில் நான்தான் சாவியை எடுத்து நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.