ஏரிக்கரையில் விட்டுப்போனார்கள்

சகுந்தலா தாராபுரத்துப் பெண். கல்யாணமாகி மறைமலைநகருக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கணவர் சதாசிவத்துக்குக் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் சாப்பிடுவார், தூங்குவார். கெட்டவர் இல்லை, பேச்சு வராது, அவ்வளவுதான். ஊரில் வாய் ஓயாமல் பேசிக்கிடந்தவள், இங்கே காய்காரரிடம் நாலு வார்த்தை பேசலாமென்றே கத்தரிக்காயை மொத்தமாக வாங்காமல் தினம் கொஞ்சமாக வாங்கினாள்.

தொண்ணூற்றேழில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிக் குடும்பங்கள் சேர்ந்து செங்கல்பட்டைத் தாண்டி, காட்டு வழியே நடந்து மலைக்கு நடுவே இருக்கும் ஏரியைப் பார்த்துவர ஏற்பாடானது. கிளம்புகிற நேரத்தில் சதாசிவத்தை ஓவர்டைமுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"நீ போய்ட்டு வா. பேர் குடுத்தாச்சு," என்றார்.

இரண்டு பஸ். இறங்கி நடந்த பாதை மாட்டுவண்டி போகிற அளவுக்கு அகலம். ஏறுகிறோம் என்பதே தெரியாத ஏற்றம். களாச்செடிகளுக்கு நடுவே பெண்கள் கும்பல் கும்பலாகப் பேசிக்கொண்டு போனார்கள். எந்தக் கும்பலோடு சேர்ந்தாலும் பேச்சு ஏற்கெனவே பாதியில் இருந்தது. சகுந்தலா சிரித்துவிட்டுப் பின்தங்கிக்கொண்டாள்.

ஏரி நிஜமாகவே அழகாக இருந்தது. மூன்று பக்கமும் பாறை மலை, நடுவில் அசையாத தண்ணீர். எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டதும் கரையோரம் ஒரு பாறையைச் சுற்றிப் போய்த் தண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்தாள். நேரம் போனதே தெரியவில்லை. திரும்பி வந்தபோது கரையில் எச்சில் இலைகளும் ஒரு காக்காயும்தான் இருந்தன.

ஓட்டமும் நடையுமாகப் பாதையின் முனைக்கு வந்தாள். பஸ் நின்ற இடத்தில் டயர்த் தடம் கிடந்தது. அந்த பஸ்ஸில் இருப்பாள் என்று இவர்களும், இந்த பஸ்ஸில் இருப்பாள் என்று அவர்களும் நினைத்திருக்க வேண்டும்.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் நின்றாள்.

"இன்னாம்மா, ஒண்டியா நிக்கற? அவங்க அப்பவே பூட்டாங்களே."

"விட்டுட்டுப் போயிட்டாங்க போலிருக்குங்க்கா."

"சரி வா, மெயின் ரோடு வரிக்கும் வர்றேன். உம் பேரு இன்னா? எந்தூரு?"

அவள் பெயர் முனியம்மா. தாராபுரம் எங்கே இருக்கிறது, அங்கே என்ன விளையும், அம்மா இருக்கிறாளா, இன்னும் குழந்தை ஏன் இல்லை, எல்லாம் கேட்டாள். சகுந்தலா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள், கேட்காததையும் சொன்னாள். டவுன் பஸ் வந்தபோது, இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கலாமே என்று அவளுக்குப் பட்டது.

இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டாள். சதாசிவம் வந்து, "ஏரி எப்படி?" என்றார்.

"நல்லா இருந்துச்சுங்க."

மறுநாள் காலை எதிர்வீட்டு ஜெஸ்ஸி கோலம் போட்டுக்கொண்டே கேட்டாள்: "இன்னாக்கா, நேத்து பஸ்ல நாங்க அவ்ளோ பாட்டு பாடுனோம், உங்க சத்தமே கேக்கல. தூங்கிட்டீங்களா?"

சகுந்தலா அவள் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

"ஆமா ஜெஸ்ஸி, தூங்கிட்டேன்," என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று அழுதாள்.

அதற்கப்புறம் அவளாகவே அந்த ஏரிக்குப் போகத் தொடங்கினாள். மழை விட்ட மாதங்களில், சதாசிவம் பகல் ஷிப்டில் இருக்கும்போது. முனியம்மாவை மறுபடி பார்க்க முடியவில்லை. ஆடு மேய்த்த இன்னொருத்தியிடம் விசாரித்தபோது, மகள் வீட்டோடு கோவளம் பக்கம் போய்விட்டதாகச் சொன்னாள்.

இரண்டாயிரத்து நாலில் ஒருதரம் சதாசிவத்தையும் கூட்டிப்போனாள். அவர் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் சொன்னாள்: "அன்னிக்கு என்னை இங்கயே விட்டுட்டுப் போயிட்டாங்க. ஒருத்தரும் தேடல."

அவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். "என்கிட்ட சொல்லலியே," என்றார்.

"ம்."

அதற்கு மேல் கேட்க அவருக்குத் தெரியவில்லை. வெயில் இறங்கியதும் எழுந்து நடந்தார்கள். அடுத்த முறை அவள் தனியாகவே போனாள்.